மந்திரித்த ஈயம்

கார் திரும்பி வந்தது. தானாக ஓடி வரவில்லை. இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. முன்னால் மாட்டுக்காரன், பின்னால் தெருவில் வேலை வெட்டி இல்லாத அத்தனை பேரும். சாந்தோமில் காரை மாடு இழுத்தால் வேடிக்கை பார்க்க ஆள் சேராமல் இருக்குமா? நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார் வக்கீல் கிச்சா. கிருஷ்ணசுவாமி என்பது வாசல் பலகையில் மட்டும்தான். மயிலாப்பூர் முழுக்க அவர் கிச்சா.

"அடையாறு பாலம் தாண்டலை, பிரகாசம்," என்றார் இறங்கியதும். "டொக்கு டொக்குன்னு ஆரம்பிச்சுது. என்னன்னு பாக்கறதுக்குள்ள நின்னுடுத்து. மூணாவது தடவை! ஆத்துல எல்லாரும் சிரிக்கறா. இன்னொரு தடவை பண்ணித் தா. அதுவும் போச்சுன்னா வண்டியை வேற எடத்துக்குக் கொண்டு போயிடுவேன். அப்புறம் கோவிச்சுண்டு பிரயோஜனம் இல்லை."

பிரகாசம் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அவன் நாலு வார்த்தை கத்தியிருந்தால் தேவலை என்று அவன் பெண்டாட்டி அல்போன்சாவுக்குத் தோன்றியது.

மவுண்ட் ரோட்டுக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டுத் தொழில் தொடங்கியவன் அவன். கையில் எடுத்த முதல் பெரிய வேலை இந்தத் தேய்ந்துபோன எஞ்சின். அக்கு அக்காகப் பிரித்துக் கழுவினான், தேய்ந்ததையெல்லாம் மாற்றினான். மற்றதெல்லாம் நின்றது, பேரிங் மட்டும் நிற்கவில்லை. பிஸ்டன் கம்பி கிராங்குத் தண்டைக் கவ்வும் இடத்தில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்ற வேண்டும். ஆறியதும் தண்டுக்கு ஒட்டினாற்போல் உட்காரும்வரை சுரண்டிச் சுரண்டிப் பொருத்த வேண்டும். அந்த உலோகம்தான் ஒவ்வொரு முறையும் கஞ்சியாய் உருகி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் சோற்றில் கையை வைத்தவன் பிசையாமலே உட்கார்ந்திருந்தான்.

"என் கைதான் கெட்டுப்பூட்ச்சு, அல்போன்சா. பேரிங் ஊத்துற கை இல்ல இது. இந்த வாட்டியும் போச்சுன்னா கொட்டாயப் பிரிச்சுப் போட்டுட்டு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிடறேன். அரிசி மில்லுல மூட்டை தூக்கறதுக்குக் கைத்தொழில் எதுக்கு?"

அல்போன்சா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். அக்காள் பியாட்ரிஸின் புருஷனும் இப்படித்தான் சொல்லிவிட்டு ரங்கூனுக்குப் போனான். கொஞ்ச நாள் சேதி வந்தது, பிறகு அதுவும் இல்லை. பியாட்ரிஸ் தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று பங்குச் சாமியாருக்கே சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் அல்போன்சா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தாள். அவள் மீனவக் குப்பத்துப் பெண். மீனவர்களைக் காக்கும் புனிதர் இராயப்பரின் திருநாளன்று வலைகளைக் கடற்கரை மணலில் விரித்துப் போடுவார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈயக் குண்டுகள் அதன்பிறகு வெறும் ஈயம் அல்ல. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு அரைஞாணில் கட்டுவார்கள், புது வீட்டு வாசற்படிக்கு அடியில் வைப்பார்கள். அவளுடைய அப்பன் செத்தபோது, பிய்ந்துபோன அவனுடைய வலையின் குண்டுகள் ஒரு துணிப்பையில் இவள் பங்குக்கு வந்தன.

முதல் பேரிங் உருகியதற்குக் காரணம் கிடைத்தது. தண்டு தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த மெஹபூப் அலி தன் லேத்தில் பூட்டி அதை வட்டமாகக் கடைந்து கொடுத்தார். இரண்டாம் முறை உலோகம் உருகும்போது துருத்தி ஊதியது அல்போன்சாதான். புருஷன் முதுகைத் திருப்பிய நேரம் பார்த்து, இரண்டு குண்டுகளைப் பாத்திரத்தில் நழுவவிட்டு ஒரு மாதா ஜெபம் சொன்னாள். அந்தப் பேரிங் போயிற்று. போட்டது போதவில்லை போலிருக்கிறது என்று மூன்றாம் முறை ஒரு பிடி போட்டாள். அதுவும் இப்போது மாட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. பிரகாசத்திடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. அவனுக்குச் சாமி கோயிலோடு சரி, எஞ்சின் பக்கம் விடமாட்டான்.

மறுநாள் மெஹபூப் அலியைக் கூப்பிட்டு அனுப்பினான். இரண்டு பேரும் கம்பெனியில் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். ஒருவன் சாப்பாட்டை ஒருவன் பிடுங்கித் தின்றவர்கள். மெஹபூப் அலி தண்டை இஞ்சு இஞ்சாக அளந்தார்.

"தண்டு சரியாத்தான் கீது நைனா. நீயே அளந்து பாரு."

"சரியா கீதுன்னா பேரிங் இன்னாத்துக்கு உருகுது பாய்? ஒன் லேத்து கோணல். அத்த ஒத்துக்க ஒனக்கு வாய் வரல."

மெஹபூப் அலியின் முகம் சுருங்கிப்போயிற்று. தரையில் கிடந்த, உருகிக் கெட்ட உலோகத் துண்டு ஒன்றை எடுத்துத் துண்டின் முனையில் முடிந்துகொண்டு வெளியேறினார். பெரிய மனிதரை இப்படிப் பேசிவிட்டானே என்று அல்போன்சாவுக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ரங்கூன். நாலாவது முறை அடுப்பு மூட்டியபோது, அவன் வார்ப்பு அச்சைச் சூடுபண்ணத் திரும்பியதும், பையிலிருந்த மிச்சம் அத்தனையையும் பாத்திரத்தில் கொட்டினாள். தடயமே இல்லாமல் கரைந்தது. மாதாவே ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தாள்.

வேலை முடிந்து எஞ்சினை முடுக்கிய அன்று, சத்தம் பூனை மாதிரி மெத்தென்று இருந்தது. கிச்சா வந்து காது கொடுத்துக் கேட்டார். மகளைச் செங்கல்பட்டில் புக்ககத்தில் விட்டுவிட்டு வருவதாகத் திட்டம். ஒரு காலை வண்டிக்குள் வைத்துவிட்டார். அப்போதுதான் சந்து முனையில் மெஹபூப் அலி வேர்க்க விறுவிறுக்க வருவது தெரிந்தது.

"எஞ்சினை நிறுத்து நைனா!" என்றார். துண்டை அவிழ்த்து அந்த உலோகத் துண்டை எடுத்தார். கொட்டகையில் கிடந்த வெள்ளைக் காகிதத்தில் அதை அழுத்தி இழுத்தார். பென்சில் போட்டது போலக் கரியதாய் ஒரு கோடு விழுந்தது. "பாத்தியா? நல்ல உலோகம் இப்படிக் கோடு போடாது. இதுல ஈயம் கலந்து கீது. சூடு ஏறுனா எப்படித் தாங்கும்? கடைக்காரன் ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்."

அல்போன்சா கொட்டகைத் தூணோரம் ஒதுங்கினாள்.

பிரகாசம் எஞ்சினை நிறுத்தினான். மூலையிலிருந்து, கடையில் வாங்கி இன்னும் உருக்காத கட்டியை எடுத்து வந்து அதே காகிதத்தில் இழுத்தான். ஒன்றும் விழவில்லை. மறுபடி அழுத்தி இழுத்தான். காகிதம்தான் கிழிந்தது.

"கடைக்காரன் மேல தப்பு இல்ல பாய்," என்றான். "சரக்கு சுத்தம். என் கொட்டாய்லதான் கலந்து கீது. பாத்திரத்தைக்கூட ஒழுங்கா தொடைக்கத் தெரியல எனக்கு. ஒன்ன வேற திட்டுனேன்." கிச்சாவிடம் திரும்பினான். "சாமி, இதுவும் நிக்காது. வேற எடத்துக்குக் கொண்டுபோங்க. நான் தொழில வுட்டுட்டேன்."

அல்போன்சா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேசினால், வக்கீலுக்கும் பாய்க்கும் முன்னால் புருஷன் மானம் கப்பலேறும். பேசாவிட்டால் புருஷனே கப்பலேறுவான்.

"நான்தான் போட்டேன்," என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எங்கப்பன் வலை ஈயம். சாமியார் மந்திரிச்சது. நீ ரங்கூன் போவக் கூடாதுன்னு... மொத வாட்டி உருகுனப்பறம் ஒவ்வொரு வாட்டியும் போட்டேன். இந்த வாட்டி பை முழுக்கக் கொட்டிட்டேன்." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

பிரகாசம் கை ஓங்குவான் என்று அல்போன்சா தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் வண்டியின் படிப்பலகையில் பொத்தென்று உட்கார்ந்தான். மெஹபூப் அலியை அண்ணாந்து பார்த்துக் குழந்தை மாதிரி கேட்டான்.

"அப்ப என் கைக்கு ஒன்னும் ஆவலையா பாய்?"

"ஒன் கைக்கு இன்னா கேடு? என் லேத்துக்குந்தான் இன்னா கேடு?"

பிரகாசம் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் அழுவதை அல்போன்சா அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தாள்.

"அப்போ என் வண்டி?" என்றார் கிச்சா.

"ஒரு வாரம் குடுங்க சாமி. இந்த வாட்டி நிக்கும்."

கிச்சா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பண்ணு," என்று சொல்லிவிட்டு, ரிக்‌ஷா பார்க்கத் தெருவுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் பிரகாசம் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். திட்டினான். அவள் அப்பனை, அப்பன் வலையை, குப்பத்தை, அடுப்புப் பக்கம் அவளை விட்ட தன் புத்தியை, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. சந்து முழுக்கக் கேட்டது. மெஹபூப் அலி நடுவில் இரண்டு முறை சமாதானம் சொல்லிப் பார்த்து, முடியாமல் எஞ்சினைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். ரங்கூன் என்ற சொல் மட்டும் அந்தத் திட்டில் ஒரு தடவைகூட வரவில்லை. அது வருகிறதா என்றுதான் அல்போன்சா கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.