கொய்யா மரத்துப் பூச்சிக்குப் பால்

நாங்கள் ஒரு பூச்சிக்குப் பால் வைத்துக் கும்பிட்டவர்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முதலில் சிரித்தவளே நான்தான்.

எண்பத்து நான்காம் வருடம், ஆடி வெள்ளி. மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் நான் ஆயாக் கொட்டகை ஆயா. தாய்மார்கள் வேலைக்குப் போனதும் பிள்ளைகளை நானும் வேலம்மா அக்காவும் பார்த்துக்கொள்வோம். அன்று காலை பத்து மணிக்கே தகரக் கூரை கொதித்தது. தங்கமணியின் எட்டு மாதக் குழந்தை திலகம் புழுக்கத்தில் அழுது தீர்த்தாள். வாசல் கொய்யா மரத்தின் தாழ்ந்த கிளையில் கயிறு போட்டு, பழைய சேலையில் ஏணை கட்டி அவளைக் கிடத்தினேன். மற்ற பிள்ளைகள் உள்ளே தூங்கினார்கள்.

"அடியே புஷ்பவள்ளி! நாகாத்தாடி!"

வேலம்மா அக்கா கத்திய கத்தலில் ஓடி வந்தேன். ஏணைக்கு நேர் மேலே, இலைக் கொத்துக்குள்ளிருந்து நாகத்தின் தலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்புப் படம், கறுப்புக் கண், வளைந்த வாய்க்கோடு.

சத்தம் கேட்டு, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் இருசப்பன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்த வேகத்தில் பாராங்கத்தியை உருவினார். அக்கா போட்ட அதட்டலில் கத்தியைக் கீழே வைத்து, செருப்பையும் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா ஆத்தா புள்ளைக்குக் காவல் வந்திருக்கா. ஏணையத் தொடாதே, குத்தமாயிடும்" என்றாள் அக்கா. உள்ளே ஓடிப் பால்மாவைக் கரைத்துக் கொண்டுவந்தாள். மரத்தடியில் கற்பூரமும் கொளுத்தியாயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்தாவோ யாரோ, பிள்ளை என் பொறுப்பு. ஆனால் ஏணையை அசைத்தால் பாம்பு கொத்திவிடுமோ என்று நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தத் தலையையே வெறித்துப் பார்த்தேன். நாக்கு நீட்டவில்லை. கண் மினுங்கவில்லை. காற்று வீசியபோது இலைகள் விலகின. அந்தப் பக்கமும் அச்சாக அதே மாதிரி இன்னொரு தலை தெரிந்தது.

"ரெட்டைத் தலையா!" என்று அக்கா கீழே விழுந்து கும்பிட்டாள்.

கற்பூரப் புகை மேலே ஏறியது. இரண்டு தலைகளும் ஒன்றாகப் படபடத்தன. பாம்புமில்லை, ஆத்தாளுமில்லை! இரண்டு கை அகலத்துக்கு ஒரு அந்துப்பூச்சி. இறக்கை நுனி இரண்டிலும் நாகத்தலையை வரைந்து வைத்துக்கொண்டு எங்களை ஏய்த்திருக்கிறது. அது நேராக வந்து இருசப்பன் நெஞ்சில் மோத, மனிதர் "அய்யோ" என்று பின்னால் பாய்ந்து காண்டா வாய்க்காலில் விழுந்தார். முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில் மண்டோர் நின்ற கோலத்தைப் பார்த்து நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டேதான் பிள்ளையைத் தூக்கப் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது.

ஆயா வேலைக்கு முன் ஏழு வருடம் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கியவள் நான். புல்லுக்குள் மறைந்த பழத்தைத் தேடினால் கிடைக்காது. அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் எது இருக்கிறதென்று பார்க்க வேண்டும். இப்போது காற்றில் மரத்தின் இலையெல்லாம் ஆடியது. கயிற்று முடிச்சுக்கு ஒரு சாண் மேலே ஒரு பச்சை மட்டும் ஆடவில்லை. முக்கோணத் தலை. பச்சை விரியன்.

இத்தனை நேரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதன் முகத்துக்கு நேரேதான் அக்காவும் மண்டோரும் கும்பிட்டிருக்கிறார்கள்!

"யாரும் அசையாதீங்க. மேலே பாம்பு" என்றேன்.

"இன்னொரு பூச்சியா? வுடுலா, நான் கையாலேயே புடிக்கிறேன்" என்று சாக்கடையிலிருந்து ஏறி வந்த இருசப்பன் வீறாப்போடு கையை நீட்டினார். விழுந்த மானத்தை எடுக்க வேண்டுமல்லவா?

"யோவ், கைய எடு! செத்துத் தொலையாதே!" மண்டோரை அப்படிப் பேசிவிட்டு அந்தத் தோட்டத்தில் யாரும் பிழைத்ததில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். கை தானாக இறங்கியது.

குனிந்து ஏணைக்கு அடியில் போனேன். பிள்ளையின் பாரம் போனால் கிளை எம்பும், பாம்பு மிரளும். அதனால் ஒரு கையால் சேலையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் திலகத்தைப் பக்கவாட்டில் மெல்ல உருவினேன். அவள் என் மூக்கைப் பிடித்துச் சிரித்தாள். அக்கா தவழ்ந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அதற்குமேல் என் கை தாங்கவில்லை. சேலை நழுவியது, கிளை எம்பியது, பொத்தென்று ஒரு சத்தம். திலகம் கிடந்த குழிவில் பாம்பு கிடந்தது.

இருசப்பன் பாராங்கத்தியை எடுத்துத் திரும்புவதற்குள் அது கயிற்றில் ஏறி இலைக்குள் போய்விட்டது. மூன்று பேரும் கண்கொட்டாமல் பார்த்தோம். மரத்தில் வெறும் இலைதான் இருந்தது.

அக்கா திரும்பி வந்து திலகத்தை என் கையில் கொடுத்தாள். மிச்சப் பாலை எடுத்துப்போய், கொட்டகைச் சுவரில் இறக்கை விரித்து ஒட்டியிருந்த அந்தப் பூச்சியின் முன் வைத்தாள்.

"இன்னுமா அக்கா?" என்று சீறினேன்.

"அது வரலேன்னா நாம மேலே பாத்திருப்போமாடி?"

பிள்ளையை இறுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் நானும் கும்பிட்டேன்.