முனையில் கரண்ட் இல்லை

துறைமுக வயர்லெஸ் அறையின் மெக்கானிக்குக் கைகொடுக்க ஆள் இல்லை. காற்றில், மாடியிலிருந்த ஏரியல் கம்பியின் ஒரு முனைக் கட்டு அறுந்திருந்தது. மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி தையல்காரன், அன்று கடை விடுமுறை, அத்தான் கேட்டால் மறுக்கத் தெரியாதவன்.

மொட்டைமாடியில் இருவருமாகக் கம்பியைத் தாழ இறக்கினார்கள். இரு கைகளை விரித்தாற்போன்ற கம்பி அது. வயர்லெஸ் செட் அதன் நடுவில் ஊட்டும் அலை முனைவரை ஓடும். அதற்கப்பால் போக வழியில்லாமல் திரும்பும். எதிரே வரும் அலையோடு கலந்து, நகராமல் நின்ற இடத்திலேயே ஆடும். மச்சினனுக்கு அதைக் காட்டிவிடும் ஆசை மெக்கானிக்குக்கு. செட்டைக் குறைந்த சக்தியில் போட்டுவிட்டு வந்து, ஒரு குட்டி பல்பைக் கம்பியோரமாக நகர்த்தினார். நடுவில் பளிச்சென்று எரிந்தது, போகப்போக மங்கி, முனையில் அணைந்தே போனது.

"பாத்தியா மாப்ள, முனையில கரண்டே இல்ல. நான் போய் செட்டை நிறுத்துறேன், நீ பயப்படாம கட்டு."

அவர் அறைக்குள் நுழையவும் ஒரு படகு காற்று நிலவரம் கேட்கவும் சரியாக இருந்தது. கை பழக்கத்தில் செட்டை முழுச் சக்திக்குத் திருப்பியது. முனையில்தான் ஒன்றுமில்லையே என்ற நினைப்பும் கூடவே ஓடியது. பதில் சொல்லி முடிப்பதற்குள் மாடியில் ஆள் விழுந்த சத்தம் கேட்டது.

மின்னோட்டம் இல்லாத முனையில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். அது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

ரத்தமே இல்லை. வலக்கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். உள்ளே ஆழமாக வெந்திருக்கிறது என்றார் டாக்டர்.

பதறி வந்த அக்காவிடம் தம்பி முந்திக்கொண்டான். "நான்தான்க்கா, அத்தான் சொன்னதக் கேக்காம தொட்டுட்டேன்."

பக்கத்தில் நின்ற மெக்கானிக் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார்.

புண் இரண்டு மாதத்தில் ஆறியது. தொடு உணர்ச்சி திரும்பவில்லை. ஊசி விரலிலிருந்து நழுவுவதே அவனுக்குத் தெரியவில்லை. மிஷினில் நேர்த்தையல் ஓட்டினான்; கைவேலை கேட்டு வந்தவர்கள் மெல்ல நின்றார்கள். அப்போதும் வழியில் பார்த்தால், "என்ன அத்தான், சாப்டீங்களா?" என்று பழையபடியே விசாரிப்பான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அவன் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

மறுநாளிலிருந்து அவள் தம்பி கடைக்குப் போய்ப் பட்டன் வைத்துக் கொடுத்தாள். தானும் வரட்டுமா என்று அவர் கேட்டதற்கு, அங்கே உட்கார இடமில்லை என்றாள்.