கோப்பித்தூள் பேணி

பிள்ளைகளே, சாப்பிட்டு முடித்தவர்கள் மட்டும் கிட்ட வந்து இருங்கள். இனித்தான் சாப்பிடப் போகிறவர்கள் பிறகு கேட்கலாம். இது நாறுகிற கதை.

2013 மாசி மாதம். செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஜெயரட்ணம் வாடகைக்கு இருந்தார். நாற்பத்தொரு வயது. அகதியாக இந்த நாட்டுக்குப் படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே விடப்பட்டவர். விடும்போது கொடுத்த கடிதத்தில் வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. மனுசன் களவாக வேலை செய்தார். கோழி வெட்டுகிற இடத்தில் கால் வேறு, நெஞ்சு வேறாகப் பிரிக்கிற வேலை. நான் சைவம். வேலையால் வந்ததும் உடுப்பை வெளியே வாளிக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது என் சட்டம். அந்த வாளியைத் தாண்டும்போதெல்லாம் மூக்கைப் பொத்துவேன். அவ்வளவு சுத்தக்காரி நான்.

ஒரு திங்கட்கிழமை, இடது கைச் சுட்டுவிரலைப் பொத்திப் பிடித்தபடி வந்தார். முழங்கை வரைக்கும் இரத்தம்.

"கத்தி வழுக்கிப் போட்டுது அன்ரி. சின்னக் காயம்."

"வாரும், ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"எங்கை வெட்டினது எண்டு கேப்பினம். வேலை செய்தது தெரிஞ்சால் என்னை ஊருக்குத் திருப்பி ஏத்திப்போடுவாங்கள். வேண்டாம் அன்ரி."

நான் குசினிக்குப் போய்க் கோப்பித்தூள் போட்டுவைக்கிற தகரப் பேணியை எடுத்தேன். வெட்டுக்காயத்துக்குக் கோப்பித்தூள் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். என் தூள் கடைத்தூளும் அல்ல. ஹரிஸ் பார்க் கடையில் பச்சைக் கொட்டை வாங்கி, நானே வறுத்து அரைத்தது. பேணிக்குள் கிடந்த கரண்டியால் அள்ளிக் காயத்தில் கொட்டி, கரண்டியின் முதுகால் அமத்தினேன். இரத்தம் நின்றது. துணி சுற்றினேன். கரண்டியைத் திரும்பப் பேணிக்குள் போட்டு மூடினேன். அந்தக் கரண்டியை ஞாபகம் வைத்திருங்கள்.

செவ்வாய், புதன், வியாழன், பின்னேரத்துக்குப் பின்னேரம் துணியை அவிழ்ப்பேன். பழைய தூள் கறுத்துப் பொருக்காகி இருக்கும். அதன்மேல் புதுத்தூள் வைத்து அமத்துவேன். வியாழன் விரல் கத்தரிக்காய் போல வீங்கிவிட்டது. பொருக்கின் ஓரத்தால் மஞ்சளாக ஒன்று கசிந்தது. கண்ணாடி போடாமல் பார்த்து, காயம் மாறி ஆறுகிற அடையாளம் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தேவாரம் படிக்க என் சிநேகிதி பாலேஸ்வரி வந்தாள். இரண்டு கோப்பை கோப்பி குடித்தாள்.

"யோகாக்கா, உங்கடை கோப்பியிலை இண்டைக்கு ஒரு தனி மணம்," என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஜெயரட்ணத்துக்குக் காய்ச்சல். பின்னறைக் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து வந்த மணத்தை எப்படிச் சொல்ல? வாளிக்குள் கிடந்த உடுப்பு அதற்குப் பக்கத்தில் சந்தனம்.

"ஆசுப்பத்திரி."

"மாட்டன் அன்ரி. பரமற்றாவிலை சீன வைத்தியம் செய்யிற மனுசி ஒண்டு இருக்காம். அவ பேப்பர் ஒண்டும் கேக்க மாட்டாவாம்."

போனோம். என்ன வைத்தேன் என்று காட்ட வேண்டுமென்று பேணியையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த மனுசியின் பெயர் யாங். கடைச் சுவர் முழுக்க மருந்து வைக்கிற சின்னச் சின்ன இழுப்பு லாச்சிகள். கண்ணாடிப் போத்தல்களில் காய்ந்த பூரானும் ஏதோ பூச்சிக் கோதுகளும். இதையெல்லாம் அவித்துக் குடிக்கிற சனமும் இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன்.

யாங் துணியை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் கதிரையோடு பின்னுக்குப் போனாள். முகத்தைச் சுளிப்பது இப்போது அவளுடைய முறை.

"என்ன இது?"

"கோப்பி," என்றேன். "எங்கள் மருந்து. உங்களிடமும் கோப்பிக்கு ஒரு லாச்சி இருக்கும்தானே?"

எனக்குத் தெரிந்த இங்கிலிசும் அவளுக்குத் தெரிந்த இங்கிலிசும் ஒரே அளவு. அதனால் நன்றாக விளங்கியது. அவளுடைய ஊர் யுன்னான் மலைப்பக்கம். அங்கே கோப்பிதான் பயிராம். தகப்பன் மலைச்சரிவு முழுக்க நட்டிருந்தாராம். பழம் பறிக்கிற காலத்தில் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலைக் கிடங்கு வெட்டி அதற்குள் குவிப்பார்களாம். அது புளித்து, அழுகி, ஈ மொய்த்து நாறுமாம்.

"இந்த விரலில் அந்தக் கிடங்கு மணக்கிறது," என்றாள். "தலைப்பாரத்துக்கு ஒரு கோப்பை குடி என்று நானும் சொல்வேன். புண்ணுக்குள் யாராவது போடுவார்களா? இதற்கு என்னிடம் மருந்து இல்லை. இன்றைக்கே ஆசுப்பத்திரிக்குப் போ. இல்லாவிட்டால் கை போகும்."

பேணியை நீட்டினேன். திறந்தாள். கரண்டியை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கரண்டியின் முதுகில் மஞ்சள் சீழும் தூளும் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. தூளுக்குள்ளும் சின்னச் சின்ன உருண்டைகள்.

"இதையா குடிக்கிறீர்கள்?"

காலையிலும் ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வாசல் வரைக்கும் போகக் கிடைக்கவில்லை. யாங்கின் குப்பைக்கூடைக்குள்ளேயே சத்தி எடுத்தேன். எடுக்க எடுக்கக் கோப்பி மணம்தான் வந்தது.

டாக்ஸியில் போகும்போது பொய் ஒன்றைச் சோடித்தோம்.

"என்ரை குசினியிலை பூசணிக்காய் வெட்டேக்கை வெட்டுப்பட்டது. சரியே?"

"ஓம் அன்ரி. பூசணிக்காய்."

பாழ்படுவார் அதை ஒருவரும் கேட்கவில்லை. தாதி துணியைப் பிரித்ததும் கேட்டது வேறு.

"இந்தக் கறுப்பை வைத்தது யார்?"

ஜெயரட்ணம் வாயைத் திறந்தார். தானே வைத்ததாகச் சொல்லப் போகிறார் என்று விளங்கியது. அவரை முந்திக்கொண்டு, "நான்," என்றேன். இந்த ஊருக்கு வந்த இருபது வருசத்தில் அவ்வளவு கூசிச் சொன்ன சொல் வேறொன்றில்லை.

டொக்டர் கழுவினார். கறுப்பும் மஞ்சளுமாய்த் தட்டத்தில் விழுந்தது. கடைசியில் சாமணத்தால் ஒரு சின்ன எலும்புச் சிராயை இழுத்து எடுத்தார். கோழி எலும்பு. என் தூள் அதையும் அழுக்கையும் உள்ளே வைத்து மூடி, ஐந்து நாள் காவல் காத்திருக்கிறது.

ஜெயரட்ணம் காய்ச்சலோடு என் காதுக்குள், "பூசணிக்காய்க்கு எலும்பு இருக்கோ அன்ரி?" என்றார்.

டொக்டர் எலும்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஏதோ எழுதினார். வேறொன்றும் கேட்கவில்லை. கை தப்பியது. சுட்டுவிரலின் நுனிக்கணு தப்பவில்லை.

எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தார். நான் அவர் கையைப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"கோப்பி இல்லையோ அன்ரி?"

"பேணியோடை எறிஞ்சாச்சு. இனி இந்த வீட்டிலை அது இல்லை."

"அப்ப தேத்தண்ணி தாங்கோ. ஒன்பதரை விரலுக்கு அரைக் கரண்டி சீனி குறைச்சுப் போடுங்கோ."

நான் கரண்டியை மூன்றுதரம் கழுவினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் தரமும் கழுவினேன்.

ஜெயரட்ணம் என்னை மன்னித்துவிட்டார். பாலேஸ்வரி அந்தக் கோப்பியை இன்றைக்கும் புகழ்ந்துகொண்டு திரிகிறாள். அவளைக் கண்டால் நீங்கள் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், என் குஞ்சுகளே.