நிறுத்தி வைத்த பாலம்

எங்கள் மலையூர் சம்பிமார்காவில் அரசாங்க வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் உபால்தோ கவானா, மற்றவள் நெலிதா ஓஸ்கோ. முன்பு இருவரும் கூட்டாளிகள். சந்தைக்குக் கூரை போட்டதும் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியதும் சேர்ந்துதான். கூட்டு முறியப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சந்தைத் திறப்பு விழாவில் மேயர் நெலிதாவின் பெயரை மட்டும் சொல்லிப் பாராட்டினார். மறுவாரமே உபால்தோ தனியாகப் பலகை மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஆற்றுப்பால டெண்டர் வந்தது. அவளுக்கு முதலிடம், அவருக்கு இரண்டாமிடம்.

வேலை தொடங்கியதும் உபால்தோவின் வண்டி தினமும் பாலத்துப் பக்கமாகவே போயிற்று. குறை ஏதாவது கண்ணில் படாதா என்று பார்ப்பார். படவில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி எர்மெலிந்தா வேறு.

"ஏங்க, அந்தப் பொம்பளை வேலையப் பாத்தீங்களா? கம்பியெல்லாம் சீப்பு வச்சு வாரிவிட்ட மாதிரில்ல இருக்கு!"

"உனக்குக் கம்பியப் பத்தி என்னடி தெரியும்? சூப்ப ஊத்து."

அன்று சூப்பு இறங்கவில்லை. மறுநாளே பக்கத்து நகரமான அந்தவைலாஸுக்குப் போய் வக்கீலைப் பார்த்தார்.

"வேலையில குத்தம் இல்லேன்னா சொந்தபந்தத்துலதான்யா தேடணும்" என்றார் வக்கீல். "கவுன்சிலருக்கு உறவுக்காரங்க அந்த நகராட்சியில ஒப்பந்தம் எடுக்கக் கூடாது. அவளுக்கு அப்படி யாராவது உண்டா?"

உபால்தோவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. கவுன்சிலர் எஃப்ராயின், நெலிதாவின் தங்கை வில்மாவைக் கட்டியவன். அவளை அடித்து விரட்டிவிட்டு, அடுத்த தெருவில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான்.

"அவந்தான் பொண்டாட்டிய விட்டுட்டுப் போயிட்டானே. அதுவும் உறவா?"

"விவாகரத்து ஆச்சா?"

"இல்ல."

"அப்ப சட்டத்துக்கு அவன் இன்னும் அந்த வீட்டு மாப்பிள்ளைதான். எனக்கு உறவு யாரும் இல்லேன்னு அவ கையெழுத்துப் போட்டிருப்பா. அது பொய்யாயிடும்."

ஊருக்கு நல்லது செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உபால்தோ புகாரைக் கொடுத்தார். நகராட்சி வேலையை நிறுத்தியது. தீர்ப்பு வரும்வரை யாரும் அங்கே கை வைக்கக் கூடாது என்று இரு கரையிலும் மஞ்சள் நாடா கட்டினார்கள்.

நெலிதா நேராக அவர் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, வில்மா கல்யாணத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீங்க. அவன் அவள விரட்டினப்ப லாரி கொண்டாந்து சாமான ஏத்துனதும் நீங்க. உங்களுக்குத் தெரியாதா அவன் எங்களுக்கு என்ன உறவுன்னு?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கேம்மா."

"இருக்கட்டும், அதோட நான் மோதிக்கிறேன். இப்ப வேற ஒண்ணு கேக்க வந்தேன். தளத்தத் தாங்க வச்ச முட்டுக்கட்டையெல்லாம் ஆத்துக்குள்ளயே நிக்குது. கான்கிரீட் இறுகிடுச்சு, கழட்டிடலாம். மழை வரப்போவுது. உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னு நகராட்சியில ஒரு வார்த்தை சொல்லுங்க. கழட்டிட்டுப் போயிடறேன்."

"வக்கீல்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

அவர் கேட்கவே இல்லை.

மழை மலையில் கொட்டியது. ஆறு மரங்களையும் முள்வேலிகளையும் வாரிக்கொண்டு வந்து முட்டுகளில் அடைத்தது. போக வழியில்லாத தண்ணீர் கீழ்த்தெருப் பக்கம் திரும்பிற்று. ஜனங்கள் அடுப்பையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெலிதா தன் ஆட்களோடு வந்து, நாடாவை அறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

உபால்தோ கரைக்கு வந்து முதலில் எடுத்தது கைபேசியைத்தான். நிறுத்தி வைத்த வேலையில் அவள் கை வைத்ததற்குச் சாட்சியாக ஒரு படம் போதும், இனி எந்த ஊரிலும் அவளால் டெண்டர் போட முடியாது. அவளைப் படக் கட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, பக்கத்தில் நின்ற உருளைக்கிழங்குக்காரி தொமிதிலா அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மகராசி! இந்த ஊருல அவ ஒருத்திதான்யா ஆம்பள!"

உபால்தோவின் விரல் நின்றுவிட்டது. கைபேசியைப் பைக்குள் போட்டார், கால்சட்டையை மடித்துவிட்டார், யாரோ வைத்திருந்த கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு அவரும் இறங்கினார். இரக்கத்தால் இறங்கினார் என்று நினைத்தால் தப்பு. பிற்பாடு சிச்சா என்ற சோளக்கள் குடிக்கும்போது என்னிடமே சொன்னார்: "அவ ஒருத்தியே பேர் வாங்கிட்டுப் போறத நான் வேடிக்கை பாக்கணுமா?"

"அந்தக் கோடிய விடுங்கண்ணே! நடுவுல தட்டுங்க!" என்று தண்ணீர் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினாள் நெலிதா.

"எனக்குத் தெரியாதா? ஒனக்கு முன்னாடி ஆத்துல நின்னவன் நான்!"

"அப்ப மேல பாத்துத் தட்டுங்க, மண்டையில விழப்போவுது!"

திட்டிக்கொண்டே தட்டினார்கள். ஒவ்வொரு முட்டாகச் சாய்ந்தது. கடைசியில் அடைப்பு மொத்தமும் பெயர்ந்து போக, ஆறு தன் வழிக்குத் திரும்பியது. தளம் அசையாமல் நின்றது. கரையேறியபோது இருவருக்கும் குளிரில் பற்கள் கிட்டிப்போயிருந்தன. யாரோ கொடுத்த ஒரே கம்பளியை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டார்கள்.

ஊர்க்காரர்கள் பெருமையோடு அதைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அதில் நெலிதா நடுவில் இருந்தாள். உபால்தோவுக்கு ஒரு காதும் பாதி முகமும்தான் விழுந்திருந்தது. அதை அவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

தீர்ப்பு வந்தது. கவுன்சிலர் உறவு உண்மைதான் என்று நெலிதாவின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். மீதி வேலை இரண்டாமிடத்தில் இருந்தவருக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தப் படமும் கோப்பில் ஏறியிருந்தது. புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவளும் தடை போட்ட இடத்தில் ஒரே கம்பளிக்குள் நிற்கிறார்கள். இது ரகசியக் கூட்டு இல்லாமல் வேறென்ன என்று அவரையும் தள்ளிவிட்டார்கள்.

"நாங்க ரெண்டு பேரும் கூட்டா? எனக்கு அவளப் புடிக்காதுங்கறதுதான் ஊருக்கே தெரியுமே!" என்று உபால்தோ அதிகாரியின் மேசையைத் தட்டினார்.

"அத எழுத்துல குடுங்க" என்றார் அதிகாரி.

தலைநகர் லிமாவிலிருந்து வந்த ஒரு நிறுவனம் கைப்பிடிச் சுவரைக் கட்டி, வர்ணம் அடித்து, தன் பெயரைக் கல்லில் பொறித்துக்கொண்டது. திறப்பு விழாவுக்கு நெலிதாவும் வந்திருந்தாள். கீழ்த்தெருப் பெண்கள் அவள் தலையில் வழக்கப்படி வண்ணக் காகிதத் துணுக்குகளைக் கொட்டி, கன்னத்தில் முத்தமிட்டார்கள். உபால்தோ ஓரமாக நின்றார். அவள்தான் கூப்பிட்டாள்.

"வாங்கண்ணே, இப்படி உக்காருங்க. பேர்தான் யாருக்கும் இல்ல, பன்னிக்கறியாவது சாப்பிடுவோம்."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கறியை மென்றுவிட்டு, மெதுவாகக் கேட்டார். "இப்ப என்ன பண்ற?"

"சுரங்கக் கம்பெனியில கூப்டாங்க. மலைமேல ரோடு போடற வேலை. டெண்டர் கிண்டர் ஒண்ணும் கெடையாது, நேரா ஒப்பந்தம்."

"எவ்ளோ நீளம் ரோடு?"

அவள் சொன்னாள். உபால்தோ முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"நல்லது, நல்லது" என்றார், ஆற்றைப் பார்த்தபடி.