உன் தம்பிகிட்ட சொல்லு

தையல்காரர் வீட்டுச் சமையலறைத் தொட்டி ஒரு வாரமாக மக்கர் பண்ணியது. மேலே தண்ணீர் இறங்க மாட்டேன் என்று அடம்; கீழே கழிவுக் குழாயில் சொட்டுச் சொட்டென்று ஒழுகல். போகவேண்டிய வழியில் போகாமல், போகக் கூடாத வழியில் மட்டும் ஜோராகப் போனது. நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரியேதான், கண்ணுகளா.

தையல்காரர் சும்மா இருப்பாரா? குழாய் மூட்டில் நாலு சுற்றுத் துணி சுற்றி, ஓரம் மடித்து, நெருக்கமாகத் தையலும் போட்டுவிட்டார். குழாய்க்கு ரவிக்கை தைத்த ஒரே மனுஷன் அவராகத்தான் இருக்கும். துணி ஊறி ஊறி மூன்றாம் நாள் நாறியது.

"என் தம்பியைக் கூப்பிடப் போறேன்," என்றாள் அவர் மனைவி.

தம்பி குழாய் வேலை பார்ப்பவன். ரெண்டு வருஷமாக இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவன் கல்யாண விருந்தில், கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தபோது, மாமா தைத்துக் கொடுத்த பேண்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. "உங்க தையல்" என்றான் அவன். "உன் தொப்பை" என்றார் இவர். அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டவள் அக்காதான். தொட்டி அடைத்தால் என்ன, ஒழுகினால் என்ன, தம்பி இந்த வீட்டில் பழையபடி உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வந்தான். வாசலிலேயே சட்டம் போட்டான்: "அக்கா, நான் உன்கூட மட்டும்தான் பேசுவேன்."

"நானும் உன்கூட மட்டும்தான் பேசுவேன்னு உன் தம்பிகிட்ட சொல்லு," என்றார் தையல்காரர், டார்ச்சும் கையுமாகத் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்தபடி.

தம்பி துணியைப் பிரிக்கப் பார்த்தான். அசையவில்லை. கடைசியில் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வெட்டினான்.

"குழாய்க்குப் போட்ட தையல் மட்டும் எப்படிக்கா இவ்வளவு கெட்டியா நிக்குது? கேட்டுச் சொல்லு."

"குழாய் கண்டதைத் தின்னுட்டுக் குனியாதுன்னு சொல்லு."

அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகச் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு நாக்கு வறண்டது.

வாளியைக் கீழே வைத்து வளைவுக் குழாயைக் கழற்றினான். கறுப்புத் தண்ணீர் கொட்டி வாளி நிறைந்தது. வளைவுக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் நூல் துணுக்கும் திரண்டு செத்த எலி மாதிரி படுத்திருந்தன. மூட்டிலிருந்த வாஷரோ தேய்ந்து சப்பையாகிவிட்டது.

"நூலோட கையைத் தொட்டியில கழுவுற மகராசன் யாருன்னு கேளுக்கா!" என்று கத்திக்கொண்டே, அதே கோபத்தில் வாளியைத் தூக்கித் தொட்டிப் பக்கம் திரும்பினான்.

கழற்றிய குழாய் தரையில் கிடக்கிறது. தொட்டிக்கு அடியில் வெறும் ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே மாமாவின் வழுக்கை.

"ஊத்த வேணாம்னு உன் தம்பிகிட்ட சொல்லு!"

காதில் விழத்தான் விழுந்தது. ஆனால் அக்கா சொல்லாமல் கேட்கக் கூடாதே, சட்டமாச்சே. அக்கா முகத்தைப் பார்த்தான். அக்கா வாயைத் திறந்தாள். ஒரு கணம் யோசித்தாள். மூடிக்கொண்டாள்.

ஊற்றினான்.

வழுக்கையில் பட்டுத் தெறித்ததெல்லாம் அவன் பேண்ட்டில்.

"அடேய் மாப்ள! அறிவு இருக்காடா உனக்கு?"

"நேரா சொல்லித் தொலைச்சா என்ன மாமா?"

வாய்விட்ட பிறகுதான் ரெண்டு பேருக்கும் உறைத்தது. அக்கா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

தையல்காரர் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். உள்ளே போய் ஒரு பேண்ட்டோடு வந்தார். "அது கிழிஞ்ச மறு வாரமே தைச்சு வச்சது. பின்னாடி மூணு தையல். தொப்பைக்கு ரெண்டு இஞ்ச் விட்டிருக்கேன்."

"ரெண்டு பத்துமா மாமா?"

"மூச்சை இழுத்துப் பிடிச்சுப் போடு."

மாற்றிக்கொண்டு வந்தான். புது வாஷர் போட்டு, குழாயைப் பொருத்தி, நட்டை முறுக்கக் குனிந்தான். யாரும் மூச்சுவிடவில்லை. இன்னும் குனிந்தான். அக்கா மேலே குழாயைத் திறந்தாள். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. கீழேயும் சொட்டவில்லை, பின்னாலும் பிரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் குனி மாப்ள, பாப்போம்."

"சும்மா இருங்க மாமா."

அவர்கள் அடியில் பேசிக்கொண்டே கிடக்க, அக்கா அந்தத் தொட்டியிலேயே மூன்று தட்டுகளைக் கழுவி எடுத்து வைத்தாள்.