இரண்டு அங்குலமா, இரண்டரையா

என் கணவர் லைல் ஆகஸ்டில் இறந்துபோனார். மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்புகிறதா என்று பார்க்கப் போனவரை, அவருடைய தம்பி ஆர்டன் தண்ணீர் இறைக்கும் காற்றாலையின் அடியில் கண்டான். மாரடைப்பு என்றார்கள். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் எதோடும் பொருந்தவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பாடு வைத்துவிட்டுப் போன பாத்திரங்களில் எது யாருடையது என்று தெரியாமல், எல்லாவற்றையும் கழுவித் தேவாலயத்துச் சமையலறையில் கொண்டுபோய் அடுக்கினேன். அவற்றில் இரண்டு என்னுடையவை.

அவர் விட்டுப்போன வேலைகளில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குவது. பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள எங்கள் பிக்கப் வண்டி வாங்கின நாளிலிருந்தே முன்னால் தாழ்ந்து பின்னால் உயர்ந்து, புல்லுக்குக் குனிந்த மாடு மாதிரி நிற்கும். லெவலிங் கிட் என்று ஒன்றை வாங்கி முன்பக்கம் போட்டால் இரண்டும் சமமாகிவிடுமாம். இரண்டு வருஷமாக இரவுச் சாப்பாட்டில் இதே பேச்சு. இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்தபடி ஒரு நாள் இரண்டு அங்குலம் போதும் என்பார். மறுநாள் இரண்டரை இல்லாவிட்டால் பணம் தண்டம் என்பார்.

அவர் நினைத்ததை அவர் செய்திருக்கக்கூடிய மாதிரியே செய்து முடிக்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ஊரில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவள் ட்வைலா. அவள் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கனமான இரும்பு வளையம் ஒன்று. இதை ஷாக் அப்சர்பரின் தலையில் உட்கார வைக்க வேண்டும். அதுவே வேண்டாம், ஷாக்கையே நீளமாக மாற்றிவிடலாம் என்று இன்னொன்று. இது மலிவு, ஆனால் தூக்கிப்போடும். அது சொகுசு, ஆனால் விலை. எனக்குத் தலை சுற்றியது. வண்டியை அளந்துகொண்டு வரச் சொன்னாள். எங்கள் முற்றம் முழுக்க மணல்; தரையிலிருந்து சக்கர வளைவு வரை ஒவ்வொரு முறை அளந்தபோதும் ஒவ்வொரு கணக்கு வந்தது. ஆர்டன் அளந்தான். அவனுக்கு வந்தது என்னுடைய எதோடும் சேரவில்லை.

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "லைல் இதப் போடணும்னு நெனச்சதே இல்ல, வெர்னா. பேசணும்னு நெனச்சான். அவ்வளவுதான்."

"ரெண்டு வருஷமாவா?"

"எங்கிட்ட சின்ன வயசுலேர்ந்து படகு வாங்கறதப் பத்திப் பேசிக்கிட்டிருந்தான். இங்க தண்ணி எங்க இருக்கு?"

நான் கூட வாழ்ந்த மனிதரும் இவன் கூடப் பிறந்த மனிதரும் ஒருவர்தானா என்று குழம்பினேன். கடைசியாக லைல் எந்த அளவைச் சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் ரொட்டிதான் வந்தது, எண் வரவில்லை. ட்வைலாவிடம் கையிருப்பில் இருந்தது இரண்டு அங்குல வளையம். அதையே வாங்கினேன்.

ஆர்டனுடைய கொட்டகையில் வேலை நடந்தது. அவன் வாய் ஓயாமல் முணுமுணுத்தான், ஆனால் கை நிற்கவில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரங்களைக் கழற்றி, ஷாக்கின் தலையில் இருந்த மூன்று நட்டுகளைத் தளர்த்தினான். கீழ்ப் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். பிரேக் குழாய் இழுபடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. வளையத்தை மேலே வைத்து ஷாக்கை மறுபடி ஏற்றியபோது போல்ட் துளை நேருக்கு வரவில்லை. ஆர்டன் கடப்பாறையால் நெம்பினான், நான் போல்ட்டைத் தள்ளினேன். மறுநாள் ட்வைலா கடையில் சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்தோம். வண்டி நிமிர்ந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது. லைல் இதைத்தான் மனதில் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று மட்டும் தெரியவில்லை.

நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மாட்டுத் தீவன மூட்டைகளையும் உப்புக்கட்டிகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரிலிருந்து திரும்பும்போது, எதிரே வந்த வண்டி ஹெட்லைட்டை அணைத்துப் போட்டுக் காட்டியது. அடுத்ததும் அப்படியே. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு முன்னால் வண்டியைத்தான் அடையாளம் காண்போம். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் வணக்கம். இருட்டில் விரல் தெரியாது, அதனால் லைலுடைய வண்டிக்கு விளக்கால் வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நானும் பெரிய விளக்கைப் போட்டுப் பதில் சொன்னேன்.

தினமும் இது நடந்தது. அவரை இத்தனை பேர் மறக்கவில்லை என்று நினைக்க நெஞ்சு நிறைந்தது. தேவை இல்லாத நாளிலும் சாயங்காலமாகப் பார்த்து ஊருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்டனிடம் சொன்னபோது, அவன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, நல்ல விஷயம்தான் என்றான்.

ட்வைலாவிடம் சொன்ன அன்று அவள் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"வெர்னா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அது வணக்கம் இல்ல. முன்பக்கத்த ஏற்கெனவே ஒசத்தியாச்சு, பின்னாடி பாரம் வேற ஏத்துனா உங்க வண்டி மூக்கத் தூக்குது. வெளிச்சம் நேரா எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்குது. நீங்க பதிலுக்கு இன்னும் பெரிய லைட்டப் போடுறீங்க. பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவரு நேத்து கண்ணு கூசி பஸ்ஸ மண்ணுல இறக்கிட்டாராம்."

"ஏன் யாரும் சொல்லல?"

"புருஷனப் பறிகொடுத்தவங்ககிட்ட யாரு போய் உங்க லைட்டு சரியில்லன்னு சொல்லுவா? எல்லாரும் நான் சொல்லுவேன்னு இருந்தாங்க. நான் ஆர்டன் சொல்லுவாருன்னு இருந்தேன்."

"ஆர்டனுக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட வந்து மொதல்ல சொன்னதே அவருதான்."

பஸ்ஸில் இருந்திருக்கும் பிள்ளைகளை நினைத்தேன். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது: "எல்லாருமேவா, ட்வைலா? ஒருத்தராவது அவருக்காகப் போட்டிருக்க மாட்டாங்களா?"

"எனக்குத் தெரியாது, வெர்னா. போட்டிருக்கலாம்."

அப்போதே, அன்று ஏற்றியிருந்த தீவன மூட்டைகளோடு வண்டியை அவள் கடையின் தகரச் சுவருக்கு எதிரே, தள்ளி நிறுத்தினோம். விளக்கின் உயரத்தை அளந்து, அதற்குச் சற்றுக் கீழே சுவரில் ஒட்டு நாடா ஒன்றை ஒட்டினாள். பானெட்டைத் திறந்து ஸ்குரூடிரைவரை விளக்கின் பின்னால் விட்டு, நிமிர்ந்து பார்த்தாள்.

"வளையத்தையே கழட்டிடலாமா? அரை நாள் வேல. லைல் இருந்தா என்ன சொல்லுவாரு?"

யோசித்தேன். லைல் இரண்டு பக்க நியாயத்தையும் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குச் சாப்பிட வந்திருப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முடிவு எடுத்திருக்கவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது அவரிடமே இருக்கவில்லை.

"வளையம் இருக்கட்டும். ஓட்டப் போறவ நான்தானே. லைட்ட மட்டும் எறக்கு."

அவள் திருக, இரண்டு வெளிச்சங்களும் சுவரில் மெதுவாக இறங்கி நாடாவில் நின்றன. முடித்துவிட்டு, ஓட்ட வசதியாக இருக்கிறதா என்று கேட்டாள். ஏறுவதுதான் சிரமம், முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றேன்.

"வண்டி ஓரத்துல படி போட்டுக்கலாம். குழாய்ப் படி இருக்கு, தட்டப் படி இருக்கு, கதவத் தொறந்தா தானா எறங்குறதும் இருக்கு."

வெளியே குளிர் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.