சகலை சொன்ன ஆறாயிரம்

பேரம் பேசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் வரைக்கும்.

வீட்டுப் பின்புறத்து மாமரத்தில் பெரிய கிளை ஒன்று, மகள் படுக்கிற அறையின் ஓட்டுக்கூரை மேல் சாய்ந்திருந்தது. அடியில் விரிசல் வேறு.

"காத்துக்காலம் வர்றதுக்குள்ள வெட்டிடுங்க. அவ கட்டிலுக்கு நேர் மேல இருக்கு" என்றாள் மனைவி.

மரம் வெட்டுகிறவரை வரவழைத்தேன். அண்ணாந்து பார்த்தபடி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஒம்பதாயிரம் ஆகும் சார். ஏறி வெட்ட நாலு. ஓட்டுல விழாம கயிறு கட்டி எறக்க மூணு. வண்டியில அள்ளிட்டுப் போக ரெண்டு."

நியாயமான கணக்குத்தான். ஆனால் என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, தன் வீட்டு மரத்தை ஆறாயிரத்துக்கு முடித்ததாகச் சொல்லியிருந்தார். அவர் வீட்டு மரம் இதைவிடப் பெரியது. அவர் ஆறுக்கு முடித்ததை நான் ஒன்பதுக்கு முடித்தால், அடுத்த கல்யாணத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருவது?

"கயிறெல்லாம் எதுக்குங்க? மெதுவா வெட்டினாப் போதாதா?"

"கிளைக்கு மெதுவா விழத் தெரியாது சார்."

நான் ஆறிலேயே நின்றேன். அவர் நிற்கவில்லை, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவர் பத்து கேட்டார். அவரையும் அனுப்பினேன். மனைவி தினமும் கேட்டாள். "பேசிட்டுதான் இருக்கேன்" என்றேன். அது பொய்யில்லை. பேச்சில் எனக்கு எப்போதும் குறைவில்லை.

ஒரு மத்தியானம் காற்று வந்தது. கிளை யாரிடமும் விலை கேட்காமல் இறங்கிவிட்டது. நல்லவேளை, மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஓட்டைப் பிளந்துகொண்டு கட்டிலின் தலைமாட்டில் அது கிடந்தது. மனைவி தலையணை மேல் சிதறிய ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கினாள். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"இப்ப எவ்வளவு கேக்கறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் வந்தவரையே கூப்பிட்டேன். கூரையில் சிக்கிய கிளைக்கு விலை வேறாம். பதினாலாயிரம். ஓடும் சட்டமும் மாற்ற இன்னும் இருபத்தாறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாயைத் திறக்காமல் எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் சகலை போன் செய்தார். "என்ன சகலை, மரத்தை எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

'அஞ்சு' என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. எதிரில் மனைவி நின்றிருந்தாள். "நாப்பது" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் பதினொண்ணு ஆச்சு சகலை."

"அப்புறம் ஏன்யா ஆறுன்னு சொன்னீங்க?"

"நீங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சப்ப, பெயிண்டர் கேட்டதுல பாதிதான் கொடுத்தேன்னு சொன்னீங்களே. உங்க முன்னாடி நான் மட்டும் ஏமாளியா நிக்கணுமான்னுதான்..."

போனை வைத்துவிட்டேன். அந்தப் பெயிண்டர் கேட்டதை ஒரு காசு குறையாமல் கொடுத்தவன் நான்.